புதுப்பனிக்குப் பிறகு வந்த ஞாயிறு

ஹார்ட்ஸ் மலைக்கு வராதீர்கள் என்று அன்று காலையிலேயே வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கிய பனி சனி பின்னேரம் வரைக்கும் விடாமல் கொட்டியிருந்தது. அந்த மலையில் இப்போதெல்லாம் அப்படிக் கொட்டுவது அரிது. கொட்டிவிட்டால் ஹனோவர், ஹம்பேர்க், பேர்லின் என்று எல்லாப் பக்கத்துச் சனமும் ஒரே நாளில் மலைக்கு ஓடும். வாகனத் தரிப்பிடங்கள் நிரம்பிவிட்டன, வீட்டிலேயே இருங்கள் என்றாள் செய்தி வாசித்தவள். அவள் அதைச் சொன்ன நேரம் நாங்கள் மலையேறும் வாகன வரிசையின் நடுவில் நின்றோம். முன்னுக்கும் போக முடியாது, திரும்பவும் வழியில்லை. இரண்டு பக்கமும் பனி வழிக்கும் இயந்திரம் தள்ளிவிட்ட பனி மதில்போல உயர்ந்திருந்தது.

காரில் மூன்று பேர். ஓட்டியவர் என் கணவர். ஹனோவரில் ட்ராம் ஓட்டுவதுதான் அவருக்கு வேலை. அதனால் தெருவில் நின்று காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. பின்னால் எங்கள் மகள், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். முந்திப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போய்ப் பனிச்சறுக்குப் பழக்கினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு பித்து. நானும் கணவரும் ஜெர்மனியில் பாதி ஆயுளைக் கழித்தும் ஒருநாள்கூடப் பனிமலையில் கால் வைத்ததில்லை. பனி என்றால் எங்களுக்கு வாசலில் வழித்துத் தள்ள வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

"ஒருக்கா மேல வந்து பாருங்கோ. நீங்க சறுக்க வேண்டாம், சும்மா நிண்டு பாத்தாப் போதும்," என்று மகள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை அவர் ஓம் என்றுவிட்டார்.

தரிப்பிடத்தில் ஒரு வேலியோரமாகக் காரைச் செருகினோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களை அடைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். அந்தக் கார்கள் போகும்வரை எங்கள் காரும் போகாது. "சரி, இனி இஞ்சதான் குடியிருப்பு," என்று அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதோடு சரி.

கம்பிவடத்தில் மேலே போகும் தொங்குபெட்டிகளுக்கான வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து தெருவரைக்கும் வந்திருந்தது. சறுக்குப் பலகைகளைத் தோளில் தூக்கியவர்கள், பிளாஸ்டிக் சறுக்குவண்டிகளை இழுத்து வந்த குழந்தைகள், நனைந்த நாய்கள். இருபக்கமும் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் விலகிப்போக இடமில்லை. மகள் மட்டும் தன் சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி உற்சாகமாகப் பனியைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தாள்.

"புதுசா விழுந்த பனி மா மாதிரி, அப்பா. இரவு மெஷின் ஓடி அதை அழுத்திவிடும். காலமை முதல் ஆளாப் போனா கம்பளத்தில போற மாதிரி இருக்கும். இவ்வளவு சனமும் ஏறி இறங்கினா மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் கிளறிப்போடும். மேடும் பள்ளமுமா வந்திடும். இடையில ஐஸ் வேற தெரியும்."

அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. வாயைத் திறந்து மூடும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு தானாப் பூட்டுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. மேல போனாத் தானாத் திறக்கும்."

"உள்ளுக்கிருந்து திறக்க ஏலாதோ?"

"ஏலாது. திறந்தா விழுந்திடுவீங்கள் எல்லோ!"

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் தலைகளாகவே இருந்தன. "நான் கீழ நிக்கிறன், நீங்க ரெண்டு பேரும் போட்டு வாங்கோ," என்றார். அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு நேரம் நின்று, இதென்ன கதை என்று நான் சிணுங்கினேன். அதற்குள் எங்கள் முறை வந்தது. பெட்டி நிற்கவில்லை, நகர்ந்துகொண்டேயிருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்க, ஏறிவிட்டோம். எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதியும் அவர்களின் இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஏறினார்கள். கதவு மூடியது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கீழே மரங்கள் பனிக்குள் குனிந்து நின்றன. சறுக்குப் பாதையில் சனம் எறும்புபோல ஊர்ந்தது. பாதி வழி தாண்டியிருப்போம், பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்னும் பின்னும் ஆடியது. இயந்திரச் சத்தம் நின்றதும் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்படியான நாளில் இது வழக்கம். மேலே யாராவது இறங்கத் தெரியாமல் விழுந்திருப்பார்கள்," என்றான் ஜெர்மன்காரன். ஒலிபெருக்கியில் ஒரு குரல் சிறிது நேரத்தில் புறப்படும் என்றது. புறப்படவில்லை.

ஏழு பேர் விடும் மூச்சில் கண்ணாடிகள் வெளுத்துப்போயின. வெளியே எதுவும் தெரியவில்லை. அவர் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். அது மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தார். துடைக்கத் துடைக்க அவருடைய கை வேகமானது.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை! திடீரென்று எழுந்தார், பெட்டி ஒரு பக்கம் சரிந்தது, குழந்தைகள் தாயைப் பிடித்தார்கள். இரண்டு கதவும் சேரும் ரப்பர் இடுக்கில் விரல்களைச் செருகி இழுத்தார்.

"கதவைத் திறவுங்கோ," என்றார். ஜெர்மன்காரனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் தமிழில் சொன்னார்.

"அப்பா! திறக்க ஏலாது அப்பா, கீழ பள்ளம்!" என்று மகள் அவருடைய தோளைப் பிடித்தாள்.

நான் அவரைத் தடவிக்கொடுக்கலாம் என்று கன்னத்தில் கை வைத்தேன். கை வாய்ப்பக்கம் பட்டதுதான் தாமதம், ஓங்கித் தட்டிவிட்டார். என் வளையல் கண்ணாடியில் அடித்தது. எங்கள் கலியாணத்திற்குப் பிறகு அந்த மனிதர் என்னை நோக்கிக் கையை வீசியது அந்த ஒரு முறைதான். அவருடைய கண் என்னைப் பார்க்கவேயில்லை. வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நிலத்தில் இருந்துவிட்டார். கதவின் கீழ் விளிம்பில் ஒரு சின்ன இடைவெளியால் காற்று வந்துகொண்டிருந்தது. அங்கே வாயை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டார்.

"அம்மா, அந்த மாமா ஏன் அழுகிறார்?" என்று அந்தப் பிள்ளைகளில் சின்னவள் ஜெர்மன் மொழியில் கேட்டாள். தாய் அவளுடைய தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டாள். தகப்பன் எழுந்து மேலே இருந்த சின்னச் சாளரத்தைத் தேடித் திறந்தான். ஒரு கை அகலம்தான் திறந்தது. பனித்தூள் உள்ளே விழுந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மனுசன் என் காலடியில் கிடக்கிறார், எனக்கு அவரைத் தொடவும் பயமாக இருந்தது. மகள்தான் அந்தப் பாரமான சறுக்குச் சப்பாத்துகளோடு நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, உங்கட ட்ராம் லைன்ல முதல் ஸ்டொப் என்ன?"

அவர் இடைவெளியில் வாயை வைத்தபடியே கிடந்தார்.

"முதல் ஸ்டொப், அப்பா. நான் மறந்துபோனன். சொல்லுங்கோ."

சொன்னார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"அடுத்தது?"

அடுத்ததைச் சொன்னார். அதற்கடுத்ததையும் சொன்னார். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைவரைக்கும் ஒவ்வொரு தரிப்பாக, எந்தப் பக்கத்துக் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார். கடைசித் தரிப்பு முடிந்ததும், "இனித் திரும்பி வாங்கோ," என்றாள் மகள். திரும்பி வரும் வழியில் பாதியில்தான் பெட்டி அசைந்தது. அவர் நிறுத்தவில்லை. மேலே கதவு திறக்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மேலே இறங்கியதும் ஓடிப்போய்த் திறந்த வெளியில் நின்றார். எங்கு பார்த்தாலும் சனம். உணவகத்துக்குள்ளும் நுழைய முடியாது. வாசலிலேயே நாலைந்து வரிசை. அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

கடைசியில், "இதில நான் திரும்ப ஏறமாட்டன்," என்றார். "நடந்து இறங்கிறன்."

அங்கே வேலை செய்த ஒரு பெண்ணிடம் கேட்டோம். சறுக்குப் பாதையில் நடப்பது தடை என்றாள். காட்டுக்குள்ளால் ஒரு நடைபாதை இருக்கிறது, ஆனால் புதுப்பனிக்குப் பிறகு அதை இன்னும் துப்புரவாக்கவில்லை, பெட்டியில் இறங்குவதே நல்லது என்றாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். ஏறவும் மாட்டார், இறங்கவும் வழியில்லை, இந்த மலை உச்சியில் இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"நான் பிஸ்டாவால வாறன்," என்றாள் மகள், சறுக்குப் பாதையைக் காட்டி. "நடைபாதை அதுக்குக் கிட்டக்கிட்டத்தான் போகுது. வளைவுக்கு வளைவு நிண்டு பாக்கிறன். அம்மா, நீங்க அப்பாவோட நடவுங்கோ."

நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது அதிகம். ஒவ்வொரு அடிக்கும் கால் முழங்கால்வரை புதைந்தது. ஒரு காலை இழுத்தெடுத்தால் மற்றது உள்ளே போகும். இரண்டு பக்கமும் கிளைகள் பனியின் பாரத்தில் பாதைக்குக் குறுக்காகத் தொங்கின. குனிந்தால் கழுத்துக்குள் பனி கொட்டியது. என் சப்பாத்து நகரத்து நடைபாதைக்கு வாங்கியது. கால் விறைத்து, அது என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. வழியில் யாருமில்லை. மரங்களுக்கு அப்பால் சனத்தின் கூச்சல் மட்டும் கேட்டது.

அவர் முன்னால் போனார். எனக்கு வழி உண்டாக்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்காமலேதான் பேசத் தொடங்கினார்.

"நான் லொறியில வந்த கதை தெரியுமெல்லோ?"

தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். ஊரில் சண்டை நடந்த காலத்தில் மொஸ்கோ வழியாக வந்து, காசுக்கு ஆட்களைக் களவாகக் கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட வெங்காய லொறியில் ஒளித்திருந்து எல்லை கடந்த கதை. பச்சை வெங்காயத்தைத் தின்று எல்லோரும் கண்ணீர் விட்டதை அவர் நடித்துக்காட்டுவார். சிரித்துச் சிரித்து வயிறு நோகும். நான் பிறகு கலியாணத்திற்காக விமானத்தில், முத்திரை குத்திய கடவுச்சீட்டோடு வந்தவள். எனக்கும் அது ஒரு பகிடிக் கதைதான்.

"ஒரு இடத்தில லொறி நிண்டது. ட்ரைவர் இறங்கிப் போட்டான். திரும்பி வரேல்லை. இருட்டு. காத்து இல்லை. நான் கத்தத் தொடங்கிட்டன். பக்கத்தில இருந்தவன் என்ர வாயைப் பொத்தினவன். பொலிஸ் நிக்குது, கத்தாதை எண்டு. மூக்கையும் சேத்துப் பொத்திப்போட்டான். அவன்ர கை முழுக்க வெங்காய மணம்." முன்னால் தொங்கிய கிளையைக் கையால் விலக்கினார். "அவனில பிழையில்லை. அவன் விட்டிருந்தா எல்லாரும் பிடிபட்டிருப்பம்."

இந்த மனிதர் லிஃப்டைக் கண்டால் படியால் ஏறுகிறவர். உடம்புக்கு நல்லது என்பார். குளியலறைக் கதவைப் பூட்டவே மாட்டார். அது சோம்பேறித்தனம் என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதற்கெல்லாம் வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"நான் முகத்தில கை வைச்சது..." என்று தொடங்கினேன்.

"நீர் எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா. நோகுதோ?"

"இல்லை. வளையல்தான் நெளிஞ்சு போச்சு."

நடைபாதை சறுக்குப் பாதையைத் தொடும் இடங்களிலெல்லாம் மகள் நின்றாள். எங்களைக் கண்டதும் தடியை உயர்த்தி ஆட்டுவாள். அவளுக்குப் பின்னால் சனம் சறுக்கியும் விழுந்தும் எழும்பியும் போய்க்கொண்டிருந்தது. "பாத்தீங்களோ, சொன்ன மாதிரி எல்லாம் மேடாப் போச்சு. இதில ஆரும் வடிவா ஓட ஏலாது," என்றாள். தனக்கு ஒன்றும் நட்டமில்லை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. அழுதாளா, குளிரா, நான் கேட்கவில்லை.

அடிவாரம் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எங்களை அடைத்து நின்ற கார்கள் போயிருந்தன. ஆனால் தரிப்பிடத்தை விட்டு வெளியேறிய உடனேயே வரிசை. மலையிலிருந்த அத்தனை பேரும் ஒரே தெருவால் இறங்கினார்கள். மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில், அவர் பின்னால். முன்னே நின்ற காரின் சிவப்பு விளக்கு அணைவதேயில்லை. கண்ணாடிகள் வெளுக்கத் தொடங்கின.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, எங்க போறீங்கள்?"

"நீ ஓட்டு பிள்ளை. நான் பக்கத்தால நடந்து வாறன்."

இறங்கி, தெருவோரம் கைகளைப் பையில் விட்டபடி நடக்கத் தொடங்கினார். கார்களைவிட அவர் வேகமாகப் போனார். எங்களை முந்திப் போய் நின்று, நாங்கள் வந்ததும் மறுபடி நடந்தார். மற்றக் கார்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். "இல்லை, நன்றி, நான் போக்குவரத்துத் துறையில் வேலை செய்கிறேன்," என்று அவர் ஜெர்மன் மொழியில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. மகள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு நானும் இறங்கினேன். என் சப்பாத்து ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது, இனி நனைய ஒன்றுமில்லை. அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். கையை நீட்டினேன், முகத்துக்குக் கிட்டப் போகாமல், கீழாக. அவர் பிடித்துக்கொண்டார். மகள் எங்களுக்குப் பின்னால் காரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

பெரிய தெருச் சந்தி வந்ததும் வாகனங்கள் விரைந்தன. அதற்குமேல் நடக்க முடியாது. அவர் காருக்குள் ஏறி, தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கினார். நாங்கள் சூடாக்கியைக் கடைசி மட்டத்துக்குத் திருப்பினோம், தொப்பிகளைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டோம். ஹனோவர் வரைக்கும் அப்படியே வந்தோம். கண்ணாடியை ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.