கடலூருக்கு அப்பால் வேகம் முப்பது

கடலூர் ரோடு இப்போது எப்படி இருக்கிறது, பிச்சாவரம் போகலாமா என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் போய் வந்தேன். ஆனால் படகில் ஏறப் போகவில்லை. ஒரு அடக்கத்துக்குப் போனேன். அதனால் இந்தப் பதிவில் ஒரு படம்கூடக் கிடையாது. எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரஃபிதான் விடவில்லை. "ரோடு இன்னா கதில கீதுன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லிடு மச்சி. மறைச்சு இன்னா ஆவப்போவுது?" என்றான்.

ரஃபி என் கல்லூரித் தோழன். சிந்தாதிரிப்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறான். என் வண்டியின் சீட் கவரும் அவன் தைத்ததுதான். காசு வாங்கவில்லை, அதற்குப் பதிலாக, வண்டியில் ஏறும்போதெல்லாம் அதில் நான் சிந்திய சாம்பார் கறையைக் காட்டித் திட்டுவான். அவனுடைய அக்காவை 'ஆபா' என்று கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் ஆபாதான். ஆபா கல்யாணமாகிப் போனது பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊருக்கு. (ஊர்ப் பெயர் வேண்டாம் என்று யாசீன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. யாசீன் ஆபாவின் மகன்.) அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் ரஃபியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் ஆபா. அவனிடம் அதட்டிப் பேசக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

ரஃபி அவரை நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடை, கடை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். வாரம் தவறாமல் வீடியோ கால் உண்டு. ஆனால் ஆபாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. போனை எப்படிப் பிடிப்பாரோ தெரியாது, அவருடைய நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான் திரையில் இருக்கும். "ஆபா, மூஞ்சிய காட்டு!" என்று இவன் கத்துவான். "மூஞ்சி எங்கடா ஓடிடப் போவுது?" என்று அங்கிருந்து சிரிப்பு வரும். நானே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு காலை ஆறரைக்கு ரஃபி கூப்பிட்டான். விடிகாலைத் தொழுகைக்கு எழுந்த ஆபா, தொழுத இடத்திலேயே உட்கார்ந்தபடி போய்விட்டாராம். "வண்டி எடுப்பியா மச்சி? இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது" என்றான். நான் சட்டையை மாட்டிக்கொண்டே சரி என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முஸ்லிம் வீடுகளில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, பள்ளிவாசலுக்குத் தூக்கும் முன் முகத்தைத் திறந்து உறவுகளுக்குக் கடைசியாக ஒருமுறை காட்டுவார்கள். அப்புறம் மூடினால் மூடியதுதான். பெண் மையத்து என்றால் என் போன்ற வெளி ஆண்கள் பார்க்க முடியாது. கூடப் பிறந்த தம்பி பார்க்கலாம். லுஹர் என்கிற மதியத் தொழுகை அந்த ஊரில் ஒன்றேகாலுக்கு. அது முடிந்ததும் அடக்கம் என்று யாசீன் சொல்லியிருந்தான். ஒரு மணிக்குள் ரஃபி அங்கே இருந்தாக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டிலிருந்து அந்த ஊர் 215 கிலோமீட்டர். ரஃபி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்து, நாங்கள் கிளம்பும்போது மணி ஏழே முக்கால். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாலரை மணி நேரம் என்பது என் கணக்கு. பன்னிரண்டேகாலுக்குப் போய்விடலாம், முக்கால் மணி நேரம் கையில் இருக்கும். அடையாறு பாலத்தைத் தாண்டும்போதே அதை அவனிடம் சொல்லியும்விட்டேன். இருபது வருடமாக ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருப்பவன் சொன்னால் கூட இருப்பவன் நம்பத்தானே செய்வான்.

புதுச்சேரி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. திருவான்மியூர் தாண்டியதும் சாலை அகலப்படுத்தும் இடங்களில் கொஞ்சம் ஊர்ந்தோம், அவ்வளவுதான். மரக்காணம் பக்கம் டீக்கு நிறுத்தினேன். இரண்டு டீ முப்பது ரூபாய். ரஃபி அவனுடையதைத் தொடவே இல்லை. புதுச்சேரி ஊருக்குள் வழக்கமான நெரிசல். கடலூரைத் தாண்டும்போது பதினொன்றரை. மீதி நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

கடலூருக்கு அப்புறம் ஆரம்பித்தது போர்டு ராஜ்யம். முன்பு எண்பதில் போன சாலை அது. இப்போது முதலில் 50 என்று ஒரு போர்டு. கொஞ்ச தூரத்தில் 40. அதற்கும் அப்பால் 30. 'சாலைப் பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்' என்று மஞ்சள் தகரம் சொன்னது. நடைபெறுவதாகத் தகரம்தான் சொன்னது. ஆளும் இல்லை, மிஷினும் இல்லை. ஜல்லிக் குவியல் மேல் ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. புதுத் தார் போட்டு வெள்ளைக் கோடுகூட வரைந்து முடித்த இடத்திலும் 30 போர்டை அகற்ற யாருக்கும் மனம் வரவில்லை. முப்பதில் போனால் பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனிலேயே நம் பரம்பரையைத் திட்டுகிறான். ஐம்பதில் போனால் கம்பத்தில் கேமரா இருக்கிறது.

வேக வரம்பைக் கிண்டல் செய்து வரும் பின்னூட்டங்களுக்கு நான் என்ன பதில் எழுதுவேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். வேலை நடக்கும் இடத்தில் ஒருவன் குனிந்து நிற்பான், நம் அவசரத்துக்கு அவன் சாகக் கூடாது என்பேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்று ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டுத் திட்டினேன். ஆளே இல்லாத இடத்தில் யாருக்காக மெதுவாகப் போக வேண்டும் என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். ரஃபிதான் என்னை அடக்கினான். "வுடு மச்சி. நீ ஆக்சிடென்ட் பண்ணி, ஒரே நாள்ல ரெண்டு மையத்து எடுக்க வுட்றாத" என்றான். வழக்கமான கிண்டல்தான். குரலில் மட்டும் சுரத்தே இல்லை.

ஒரு பாலம் கட்டும் இடத்தில் நெடுஞ்சாலையை மொத்தமாக மூடி, அம்புக்குறி போட்டு வயல்வெளிப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அம்புக்குறி முதல் திருப்பத்தோடு சரி. அதற்கப்புறம் நாமேதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். மேப்பில் பார்த்தால், மூடிய ரோட்டிலேயே நேராகப் போ என்று அது பிடிவாதம் பிடித்தது. அப்போது முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. "பஸ்ஸு பின்னாடியே போ. பஸ்காரன் கரெக்டா ஹைவேல ஏத்துவான்" என்றான் ரஃபி. மெட்ராஸ்காரர்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை இது. எனக்கும் உண்டு. பஸ் போகும் வழி தப்பாகாது என்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் போனோம். கரும்புத் தோட்டம், ஒரு ஏரிக்கரை, அப்புறம் ஒரு ஆலமரம். பஸ் மரத்தை ஒரு சுற்று சுற்றி நின்றது. டிரைவர் இறங்கிக் கைகால் கழுவப் போனார்.

"இதான் சார் கடைசி ஸ்டாப்பு. ஹைவேக்கா? வந்த வழியே திரும்பிப் போங்க, ரெண்டாவது லெஃப்ட்டு" என்றார் நடத்துநர். சிரிக்கவும் முடியவில்லை. போக இருபது, வர இருபது என்று நாற்பது நிமிடம் அங்கே போயிற்று.

மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறி, நாலு கிலோமீட்டர் போவதற்குள் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மணி பன்னிரண்டு ஐம்பது. அங்கே ஒருவழிதான் திறந்திருந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். நடுவில் ஜல்லி லாரி ஒன்று சக்கரம் புதைந்து நிற்கிறது என்றார் எதிரே பைக்கில் வந்தவர். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "தெரியலீங்க. காலைல இதே மாதிரி ஒண்ணு மாட்டி ரெண்டு மணி நேரம் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருந்தது.

அப்போதுதான் யாசீன் கூப்பிட்டான். ரஃபி ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, எங்க இருக்கீங்க? ஜமாஅத்ல பேசிட்டேன். நீங்க சொன்னா அஸர் வரைக்கும் வச்சிருக்கலாம்னு சொல்றாங்க. நீங்க பாக்காம எடுக்க எனக்கு மனசே இல்ல மாமா. என்ன செய்யட்டும்?"

அஸர் என்றால் சாயங்காலத் தொழுகை, நாலு மணி வாக்கில். ரஃபி போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். "எத்தினி மணிக்குப் போவோம் மச்சி?"

முன்னால் எத்தனை வண்டி என்று பார்த்தேன். ரெண்டு மணி நேரம் இங்கே, அதற்கப்புறம் முப்பதில் ஊர்ந்தால் இன்னும் முக்கால் மணி நேரம். "நாலு ஆயிடும்டா. அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றேன்.

மையத்தை யாருக்காகவும் தாமதப்படுத்தக் கூடாது என்பது ரஃபி வீட்டில் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தது. எப்படியும் போய்ச் சேர மாட்டோம் என்றால் ஆபாவை வெயில் நேரத்தில் எதற்குக் கிடத்தி வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். போனை மூடியிருந்த கையை எடுத்தான். "வாணாம்டா யாசீன். லுஹர்லயே எடுத்துடுங்க. எனக்காக ஆபாவ காக்க வெக்காத" என்றான். அந்தப் பக்கம் யாசீன் அழுதுகொண்டே சரி மாமா என்றான்.

ஒன்று இருபதுக்கு வரிசை நகர்ந்தது. ஏதோ இரண்டு வண்டியை விடுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, முழுவதுமாகவே திறந்துவிட்டது. பொக்லைன் வந்து லாரியைத் தூக்கிவிட்டிருந்தது. புதைந்த இடத்தைத் தாண்டியதும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ரஃபி யாசீனைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எல்லோரும் போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குள் போயிருப்பார்கள். நான் எந்தப் போர்டையும் பார்க்கவில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டர் ஊர் ரோட்டில் மட்டும் ஆட்டு மந்தை ஒன்று கொஞ்ச நேரம் நிறுத்தியது.

ஒன்று ஐம்பதுக்கு, அடக்கம் செய்யும் மையவாடி வாசலில் நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஆட்கள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். யாசீன் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். காக்க வைக்காதே என்றவர்கள் எப்படி இப்போதே வந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரஃபி உள்ளே போய், மூடிய மண்ணின் முன்னால் நின்று தனியாகத் தொழுதான். தாமதமாக வருபவர்கள் அப்படித் தொழலாமாம். நான் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அரை மணி நேரம் வைத்திருந்தால் போதும். அரை மணி நேரம் கேட்டிருந்தால் போதும்.

திரும்பும்போது ரஃபி பேசினான். "நீ இன்னா பண்ணுவ மச்சி? அந்த ரோட்ட பாத்தா யாரா இருந்தாலும் அதான் சொல்லுவாங்க. எடுக்கச் சொன்னது நானு" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. சாலை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். கூடப்பிறந்தவளை இழந்தவன் எனக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தான்.

இனி, கேட்டவர்களுக்கு. கடலூர் வரை பயப்பட ஒன்றுமில்லை. அதற்கப்புறம் 45 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் வேலை நடக்கிறது, அல்லது நடப்பதாகப் போர்டு இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் கடலூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நடுவில் நிறுத்த இடம் இல்லை. போகவரப் பெட்ரோலும் சுங்கமும் சேர்த்து 2,900 ரூபாய் ஆயிற்று. மாற்றுப்பாதையில் பஸ்ஸைப் பின்தொடர்வதாக இருந்தால், முதலில் அதன் போர்டைப் படியுங்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு இன்னொரு பின்னூட்டம் போடாதீர்கள். இந்தச் சாலைக்கு நான் நேரம் சொல்ல மாட்டேன்.

வேறொன்றும் உண்டு. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அல்ல, என்றைக்காவது எங்களைப் போல ஓடவேண்டி வருகிறவர்களுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், உங்களுக்காக வைத்திருக்கட்டுமா என்று கேட்டால், எதிரே நிற்கும் வண்டிகளைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். ஓட்டுகிறவனையும் கேட்காதீர்கள், அவன் எத்தனை வருடம் ஓட்டியவனாக இருந்தாலும் சரி. வைத்திருங்கள், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.