படுத்தபடி எழுதிய ஏழாம் வகுப்பு

மல்லாந்து படுத்துக்கொண்டு பால்பாயிண்ட் பேனாவால் எழுத முடியாது. நாலு வரியில் மை நின்றுவிடும். இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி, கணுக்கால் வரை மாவுக்கட்டுடன் அண்ணன் மகள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்பூர் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. கைபேசிகளில் பட்டன்கள் இருந்த காலம் அது.

அவள் ஏழாம் வகுப்பு. தலைமை ஆசிரியை இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: "வீட்லயே பாடத்தைச் செய்யட்டும். மே மாசம் எல்லாத்தையும் கொண்டாந்து காட்டுங்க. சரியா இருந்தா எட்டாவதுக்கு ஏத்திடறேன்." இல்லையென்றால் மறுபடியும் ஏழாவது, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. வலிக்கு அழாத பெண் அதை நினைத்து அழுதாள்.

அண்ணி ஷூ கம்பெனியில், தைத்த ஷூக்களில் குறை பார்க்கும் செக்கர். அங்கே டிசைன் போட வந்த வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது, பேனாவால் திரையிலேயே எழுதும் டேப்லெட் கம்ப்யூட்டர் ஒன்றை விட்டுப் போயிருந்தார். பேட்டரி செத்துவிட்டது, இஸ்திரிப் பெட்டிபோல் சூடாகும், ஆனால் எப்படிப் பிடித்தாலும் எழுதும். அண்ணி கேட்டு வாங்கி வந்தார். மெக்கானிக்கான அண்ணன் கட்டிலின் மேல் அதைத் தொங்கவிட இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தார்.

அண்ணிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கம்பெனி தெரியும். ஒரு வாரத்தில் திரையில் ஐந்து ஃபோல்டர்கள் வந்தன: கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங், ரிஜெக்ட். ஷிப்டுக்குக் கிளம்புமுன் அன்றைய பாடத்தைக் கட்டிங்கில் வைப்பார். மகள் செய்யத் தொடங்கினால் அது ஸ்டிச்சிங். முடித்தால் செக்கிங். மாலை அண்ணி வந்து, முகம் கழுவி, பார்ப்பார். பிழையில்லாத பக்கம் பேக்கிங்குக்குப் போகும். ஒரு தப்பிருந்தாலும் பக்கம் முழுதும் ரிஜெக்ட். மறுநாள் முதலிலிருந்து புதுப் பக்கம். சனிக்கிழமை எண்ணுவார். கட்டிங்கில் போன பக்கங்களும் பேக்கிங், ரிஜெக்ட் இரண்டும் சேர்ந்த பக்கங்களும் ஒத்துப்போக வேண்டும். ரிஜெக்டை அழிக்க மாட்டார். கம்பெனியில் ஒரு லாட் சரக்கு முடியும்வரை ரிஜெக்ட் துண்டுகளைத் தூக்கி எறியக் கூடாது.

"இன்னாடி இது, மூணாவது கணக்குல தையல் விட்டிருக்கு?"

"ஏம்மா, நான் இன்னா ஷூவா?"

"ஷூவா இருந்திருந்தா இந்நேரம் கப்பல் ஏறியிருப்ப. திரும்பப் போடு."

நான் மாடியில் குடியிருந்தேன். வேலூரில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை. பிழை பார்ப்பதே பிழைப்பாக இருந்த எங்கள் மேசையில் இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை. கரண்ட் போனால் சேமிக்காதது போய்விடும் என்பதால், ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் சேமிக்க அண்ணி அவளைப் பழக்கியிருந்தார். பத்து மாதத்தில் தொலைந்தது ஒரே ஒரு பக்கம்.

மே மாதம் பேக்கிங் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, பாடவாரியாகக் கட்டி, அண்ணி எடுத்துப் போனார். நானும் போனேன். தலைமை ஆசிரியை புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது.

"ஒரு தப்புகூட இல்லையேம்மா. இது ஏழாவது படிக்கிற பிள்ளை செஞ்சதா? நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து எழுத வச்சிருக்கீங்க. இதை வச்சு நான் எப்படி ஏத்தறது?"

அண்ணிக்குப் புரியவில்லை. தப்பில்லாததால் ஒரு சரக்கு திரும்பி வருவதை அவர் பார்த்ததே இல்லை. எடுத்துப் போனதை அப்படியே தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

மகள்தான் சொன்னாள். அப்போது கட்டு பிரித்து, வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். "அந்த ரிஜெக்டைக் காட்ட வேண்டியதுதானே?"

"வாங்க வர்றவன்கிட்ட ரிஜெக்டை யாராவது காட்டுவாங்களாடி? மானம் போய்டும்."

"மானம் போனா போவட்டும்மா. நான் எட்டாவது போவணும்."

மறுநாள் டேப்லெட் ஷூ அட்டைப்பெட்டியில் பள்ளிக்கூடம் போனது. மகளும் ஆட்டோவில் வந்தாள். தலைமை ஆசிரியையின் மேசையில் வயரைச் செருகி, அந்த ஐந்தாவது ஃபோல்டரைத் திறந்தாள். ஒரே பின்னக் கணக்கு, ஆறு தேதிகளில் ஆறு பக்கம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு தப்பு. ஆறாவதன் ஓரத்தில் படுத்தபடி எழுதிய கோணல் எழுத்தில், 'அம்மா ஒரு பேஜார்'. ஏழாவது பக்கம் பேக்கிங்கில் சரியாக இருந்தது.

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பில்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அண்ணி நின்றுகொண்டே இருந்தார். பக்கம் மாறும்போதெல்லாம் திரையை மறைக்கப் போவதுபோல் அவர் கை எழுந்து இறங்கியது.

"இதை நேத்தே காட்டியிருக்கலாமே?"

"பழக்கமில்லைங்க மேடம்," என்றார் அண்ணி.

தலைமை ஆசிரியை பதிவேட்டை இழுத்து, ஏழு என்றிருந்த இடத்துக்கு எதிரே எட்டு என்று எழுதினார். அண்ணி குனிந்து, அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.