நீலாவதி நிமிர்த்தாமல் விட்ட காது

நீலாவதி வெற்றிலையை மடித்துக் கடைவாயில் ஒதுக்கிவிட்டால், அதற்குப் பிறகு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் பதில் வராது. 'உம்' என்றுகூட வராது. சைக்கிளில் எதை வளைத்து நிமிர்த்துவதாக இருந்தாலும் அவருக்கு வாய் நிறைந்திருக்க வேண்டும். "வாய் பேசுச்சுன்னா கையும் அதுகூடப் போயிரும். பொறவு வண்டி டேடாதான்" என்பார். டேடா என்றால் கோணல். சீதா என்றால் நேர். தீவில் காதில் விழுந்த இந்தியில் அவருக்கு ரொம்பப் பிடித்தவை இந்த இரண்டு சொற்கள்தாம். உலகத்தையே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை ஒட்டி வைத்திருக்கிறார்.

போர்ட் பிளேரில், மரைன் ஹில்லிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் அவருடைய தகரக் கூரைச் சைக்கிள் கடை. எதிரே தம்பையாவின் டீக்கடை. அங்கே நாள்காட்டி சாய்ந்து தொங்கினால், கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் குடிப்பார். தம்பையா வேண்டுமென்றே சாய்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதும் உண்டு. பஞ்சர் ஒட்ட வந்த ஓர் அதிகாரி சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். "சார், மொதல்ல அதைச் சரி பண்ணுங்க, எனக்குக் கண்ணு கூசுது" என்று நடுத்தெருவில் சொன்னார் நம் நீலாவதி. அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பொத்தானை மாற்றிக்கொண்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. இலங்கை மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். பால் வெட்டுவதில் கைகாரி என்று பெயர் வாங்கியவர். சுனாமி கச்சாலைப் புரட்டிப் போட்டபோது வீடு போயிற்று. கூடப் பிறந்த அண்ணன் வெள்ளைச்சாமியும் போனார். அதைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் விடுங்க. செயின்ல எண்ணெயே இல்லையே, பாக்க மாட்டீங்களா?" என்று வண்டிப் பக்கம் திரும்பிக்கொள்வார். அழுகிற முகத்தை அடுத்தவருக்குக் காட்டிப் பழக்கமில்லை.

சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் முகாமில் இருந்த நாட்களில் நிவாரணமாகச் சைக்கிள்கள் வந்தன. வந்தவை முழு வண்டிகள் இல்லை, பாகம் பாகமாகப் பெட்டிக்குள். பூட்டத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, நீலாவதி ஸ்பானரைக் கையில் எடுத்தார். முதல் வண்டியில் ஹேண்டில்பாரைப் பின்பக்கம் பார்க்கப் பூட்டியதில் முகாமே சிரித்தது. சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் மிச்ச வண்டிகளையெல்லாம் பூட்டிக் கொடுத்தார். தொழில் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அகிலா என்ற கல்லூரிப் பெண் தன் பந்தய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தாள். கூடவே அவள் அப்பா முருகையா. திக்லிபூரில் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர். மறுநாள் காலை போர்ட் பிளேரில் தேர்வுப் பந்தயம். முதலில் வரும் மூன்று பெண்கள் தீவுகளின் அணியில் மெயின்லேண்டில் நடக்கும் போட்டிக்குப் போவார்கள். அதற்காகத்தான் அப்பாவும் மகளும் வியாழக்கிழமை முழுக்க பஸ்ஸில் வந்திருந்தார்கள். சைக்கிள் வந்தது பஸ்ஸின் கூரையில், பாக்கு மூட்டைகளோடு. மூட்டையைக் கட்டுகிற பழக்கத்தில் மேலே இருந்தவர் கயிற்றைக் காலால் மிதித்து இறுக்கியிருக்கிறார். கயிறு கியரின் மேல் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான்.

பின்சக்கரத்தின் அருகே, கியரைத் தாங்கிக்கொண்டு சட்டத்திலிருந்து கீழே நீட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. நீலாவதியின் கடையில் அதற்குப் பெயர் காது. அந்தக் காது உள்பக்கம் மடங்கியிருந்தது. ஏற்றத்துக்கு உதவும் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால், கியர் அப்படியே சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் புகுந்துவிடும். சக்கரம் பிடித்துக்கொள்ளும், ஓட்டுகிறவள் தார் ரோட்டில் கிடப்பாள். புதுக் காது மாட்டலாமென்றால், வண்டிக்கு வண்டி அது ஒரு வடிவம். மெயின்லேண்டிலிருந்து வந்தால்தான் உண்டு. தேர்வு நாளில் பந்தய வண்டியை யார் இரவல் தருவார்கள்?

நீலாவதி குனிந்து பார்த்தார். காதில் பல் பதிந்த தழும்புகள் தெரிந்தன.

"இதை யாரு கடிச்சது?"

முருகையா தலையைச் சொறிந்தார். "போன வருசம் ஒருக்கா விழுந்துருச்சு தங்கச்சி. கட்டிங் பிளேயரை வச்சு நாந்தான் நிமித்துனேன். இரும்புதானே, வளைஞ்சா நிமிரும்னு..."

"இரும்பாண்ணே இது? அலுமினியம். ஒருக்கா பொறுக்கும். ரெண்டாவதுக்கு மொறைச்சுக்கும்."

காதில் மண்ணெண்ணெயைத் தடவினார். துணியால் அழுந்தத் துடைத்தார். பிறகு கடை வாசலுக்கு வைத்திருக்கும் கோலமாவை ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் பூசிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளை மாவில் மெல்ல மெல்ல ஈரமாக ஒரு கோடு எழும்பியது. உள்ளே ஒளிந்திருந்த விரிசல், குடித்த மண்ணெண்ணெயைக் கக்கிவிட்டது.

"பாத்துக்க புள்ள. நிமித்துறப்பவே ஒடைஞ்சு கையோட வந்துரலாம். வந்துச்சுன்னா நாளைக்கு நீ ரோட்டோரம் நின்னு கைதட்டத்தான் முடியும். நிமித்தட்டா, வேணாமா? ஒங்கப்பாவைக் கேக்கல, ஒன்னையக் கேக்கிறேன்."

அகிலா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. "நிமித்துங்கக்கா."

வெற்றிலை கடைவாய்க்குப் போயிற்று. கியரைக் கழற்றி எடுத்தார். பழைய கியர் வண்டி ஒன்றின் பின்சக்கரத்தைக் கொண்டுவந்து, அதன் அச்சைக் காதின் மரையில் திருகி ஏற்றினார். இப்போது இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காது நேராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே எங்கே அளந்தாலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, ஒடித்து அளவாக்கி, இடையில் விட்டுப் பார்த்தார். மேலே ஈர்க்கு நிற்காமல் விழுந்தது. கீழே நுழையவே இல்லை. அந்தப் பழைய சக்கரத்தின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல வெளியே இழுத்தார். நிறுத்தினார். அளந்தார். மறுபடி இழுத்தார்.

ஈர்க்கு கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பிடித்தது. கீழே மட்டும் கொஞ்சம் இறுக்கம். இன்னும் ஒரு இழுப்பில் நேராகிவிடும்; விரிசலும் பிளந்துவிடலாம். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"நிறுத்தியாச்சு."

"இன்னுங் கொஞ்சம் டேடாவா இருக்கே தங்கச்சி?" என்றார் முருகையா.

"தெரியுது. எனக்குத் தெரியாதா?"

ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது பட்டையைத்தான் சீவ வேண்டும். கத்தி உள்ளே மரத்தைத் தொட்டால் மரம் கெட்டது. தொடுவதற்கு முந்தின இடத்தில் நிற்கத் தெரிந்த கை அது. ஆனாலும் அம்மாடி, சாய்ந்த நாள்காட்டியைப் பார்த்தால் டீ இறங்காத மனுஷி, தன் கையாலேயே ஒரு கோணலை அப்படியே விட்டு வைப்பது லேசான காரியமா? அவருக்கு நெஞ்சு எரிந்தது. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

கியரைத் திரும்ப மாட்டி, அதிலிருக்கும் சின்னத் திருகை உள்ளே திருகிப் பெரிய பல்சக்கரத்துக்கு வழியை அடைத்தார். "அந்தப் பெரிய பல்லு ஒனக்கு இல்ல. அது இல்லாமலே ஏத்தம் ஏறணும். மாத்துறதை ஏத்தத்துக்கு முன்னாடியே மாத்திரு, நடுவுல கையை வைக்காத. கால் வலிக்கும். வலிச்சா வலிக்கட்டும்."

"ஏறிருவேன்க்கா" என்றாள் அகிலா.

மறுநாள் காலை நீலாவதிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சைக்கிள் மணி மாட்ட வந்தவரின் வண்டிக்குக் காற்றடித்து அனுப்பினார். பந்தயம் சிப்பிகாட் வரை போய்த் திரும்ப வேண்டும். சுனாமியில் கடல் ஏறி நின்றுவிட்ட வயல்களைத் தாண்டினால் ஏற்றம். ஏற்றத்துக்குப் பிறகு இறக்கம். இறக்கத்தில் காது விட்டுக்கொடுத்தால்? தெரிந்தேதானே அனுப்பிவிட்டோம்? கடைக்கும் டீக்கடைக்குமாக நடந்தார். "போய்ப் பாத்துட்டு வாயேன்" என்று தம்பையா சொன்னதற்கு, "ஒன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தார்.

வெயில் ஏறிய பிறகு, சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அகிலாவின் முழங்காலில் சிராய்ப்பு எதுவும் இல்லை. நீலாவதி பார்த்தது அதைத்தான் முதலில்.

"மூணாவதுக்கா! ஏத்தத்துல உசிரு போயிருச்சு. ஆனா மூணாவது!"

முருகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பையா டீயோடு ஓடிவந்தார். நீலாவதி யாரையும் கவனிக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கியரைக் கழற்றி, காதையும் சட்டத்திலிருந்து தனியே கழற்றி எடுத்தார். வைஸ் இடுக்கியில் இறுக்கிக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. டக்கென்று இரண்டாகப் போயிற்று.

"ஐயோ, ஏன்க்கா!"

"முழுசா இருந்தா இன்னொருக்கா நிமித்தத் தோணும். இதைக் காட்டி இதே மாதிரி ரெண்டு வாங்கச் சொல்லு. வர்ற வரைக்கும் ஒங்கப்பா வண்டிய மிதி."

உடைந்த துண்டுகளை அகிலாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். மூடிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.