கோவளத்தில் புளி போட்டுத் தேய்த்த தகடுகள்

என் சமையலறை ஜன்னலில் நிற்கும் பித்தளைச் சொம்பு நான்கு வருடமாகக் கறுக்கவே இல்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது. சென்னையில், தாம்பரத்தை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இதே சொம்பை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் போதும், அதன் முகமே மாறிவிடும். கடல் எங்கேயோ இருக்கிறது, ஆனாலும் அந்தக் காற்று விடாது. இங்கே, ஜெர்மனியில் கடலையே பார்க்காத ஓர் ஊரில், ஹைட்சுங் என்கிற வெப்பக் கருவி போட்ட கதகதப்பான அறைக்குள் உலோகங்கள் சொகுசாக வாழ்கின்றன. உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. அதற்கு இதைவிடப் பொருந்தாத ஊரைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

செம்பு, துத்தநாகம், அலுமினியம் மூன்றையும் அளவாகக் கலந்து எங்கள் ஆய்வகத்தில் தகடு செய்கிறோம். பார்க்கப் பித்தளை மாதிரிதான் இருக்கும். ஆனால் வளைத்துவிட்டுச் சூடான நீரில் போட்டால் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்திருந்து தானாக நிமிரும். வெயில் ஏறினால் மின்சாரமில்லாமல் திறந்துகொள்ளும் ஜன்னலுக்கு இதில் ஸ்பிரிங் செய்வதுதான் திட்டம். விலை மலிவு, ஆகவே நம்மைப் போன்ற வெயில் ஊர்களுக்கு விற்கலாம். உப்புக்காற்றைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். உப்புநீரைப் புகையாகத் தெளிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் வைத்துப் பார்த்தால் போதும் என்றார் பேராசிரியர். போதாது என்றேன். சென்னையை ஒட்டிய கடலோரக் கோவளத்தில் புதுப் பூட்டு வாங்கி மாட்டினால் மழைக்காலம் முடிவதற்குள் சாவி திரும்பாது. அந்தக் காற்றைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். பன்னிரண்டு தகடுகளை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, விடுமுறையில் போனபோது தாம்பரத்திலிருந்து பஸ் மாறி மாறி மடியிலேயே வைத்துக்கொண்டு போய், சேகரின் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். சேகர் பள்ளியில் என் பக்கத்துப் பெஞ்சு. இப்போது கோவளத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். "பத்திரமா பாத்துக்கடா" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஒரு வருடம் கழித்து நவம்பரில் பார்சல் வந்தது. அந்த டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. இந்தத் தகடுகள் ஏதாவது சொன்னால்தான் நீட்டிப்பு, இல்லையென்றால் விசாவோடு சேர்த்து எல்லாம் முடிந்தது. பச்சையும் கறுப்புமாக இருக்கும் என்று பிரித்துப் பார்த்தால், பன்னிரண்டும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்காக மின்னின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்து மேசை உல்ரிக்கெ அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத் துள்ளினாள். "குப்ரீட்! செம்பின் சிவப்பு ஆக்ஸைடு! எவ்வளவு அழகான வட்டம், எல்லாவற்றிலும் சரியாக நடுவில்!" நான் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். குங்குமம்.

உடனே சேகருக்குப் போன் போட்டேன்.

"இன்னா மச்சான், பார்சல் வந்துச்சா? பளிச்சுனு கீதா?"

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஆயுத பூஜைடா. ஸ்பானர்லேர்ந்து இன்ஜின் வரைக்கும் எல்லாத்தையும் தொடைச்சு பொட்டு வெச்சோம். உன்னுது மட்டும் பச்சை புடிச்சி கெடந்தா நல்லாவா கீது? புளியும் உப்பும் போட்டு நானே குந்திகினு தேச்சேன். கை எரிஞ்சிடுச்சு தெரியுமா?"

"அந்தப் பச்சைதான்டா எனக்கு வேணும்! ஒரு வருஷ வேலை!"

"பத்திரமா பாத்துக்கன்னுதானே சொன்ன" என்றான், குரல் இறங்கி. அவனைத் திட்ட வாய் வரவில்லை. நம் ஊரில் ஒரு பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் துடைத்துப் பொட்டு வைப்பதும்தானே. அந்த ஊரில் நான் பிறந்து வளர்ந்திருந்தும் எனக்கு அது தோன்றாமல் போனது. மூன்றே வருடத்தில் மறந்திருக்கிறேன்.

பேராசிரியரிடம் மறைக்காமல் சொன்னேன். கருவிகளுக்கு ஒரு பண்டிகை, அன்று அவற்றை வேலை வாங்க மாட்டோம் என்று விளக்கினேன். "அப்படியானால் விடுமுறை நாளில் துப்புரவு நிறுவனம் வந்ததா?" என்று கேட்டார். இல்லை, பூஜை என்றேன். தலையாட்டிவிட்டு "உன்கூல்டிஷ்" என்றார். செல்லாது என்று அர்த்தம். மாதிரிகள் சேதமடைந்தன என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடு, பெட்டியின் முடிவுகளே போதும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இந்த ஜன்னலை யாருக்கு விற்கப்போகிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்களுக்குத்தானே? எங்கள் வீட்டில் மாட்டிய முதல் வருடமே யாராவது இதைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அதைச் சேதம் என்று எழுத மாட்டேன். உங்கள் பெட்டியில் உப்பு இருக்கிறது, சேகர் இல்லை." வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

தகடுகளை வளைத்துச் சூடான நீரில் ஒவ்வொன்றாகப் போட்டேன். எட்டு நிமிர்ந்தன. நான்கு கோணலாகவே கிடந்தன. அந்த நான்கிலும் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தன. துத்தநாகம் கரைந்து வெளியேறி, வெறும் செம்பு மிஞ்சிய இடங்கள் அவை. மேலே படிகிற படலம் வெறும் அழுக்கு இல்லை, அடியில் இருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கிற போர்வை. போர்வையை மீறிக் கடல் தின்றதா, போர்வையை உரித்த பிறகு புளி தின்றதா? தெரியவில்லை. தெரியவில்லை என்றே அறிக்கையில் எழுதினேன். கீழே, தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பேராசிரியர் சோதனைப் படிவத்தில் தன் கையாலேயே 'தமரிண்டெ', அதாவது புளி, என்று ஒரு கட்டம் சேர்த்து, ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்.

புதுத் தகடுகளின் நடுவில் ஒரு கோடு கீறி அனுப்பினேன். போன மாதம் மறுபடி ஆயுத பூஜை. இங்கே சாதாரண வேலை நாள். மதியம் சேகர் வீடியோவில் வந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் தேய், அந்தப் பக்கம் தொடாதே என்று சொல்லியிருந்தேன்.

"பாதியை அப்டியே வுடச் சொல்ற. பாக்கவே பேஜாரா கீது மச்சான்" என்று முனகிக்கொண்டே தேய்த்தான். பிறகு கேட்டான், "அத்த வுடு. நீ எப்ப வர்ற?"

கோவளத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டு, கோவளத்துக்குத் திரும்பி வராமலிருக்க இரண்டு வருடம் வாங்கியிருக்கிறேன், அதில் ஒன்று இன்னும் பாக்கி. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சண்டை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதேதான் சொல்வேன். அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு தகட்டைக் கழற்றி, புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட, எனக்குத் தெரியும்படி திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பாதி தங்கமாக மின்னியது, பாதி பச்சையாக இருந்தது. பின்னால் கடல் தெரிந்தது.

"இப்ப கரீட்டா?" என்றான்.

"கரெக்ட்டுடா" என்றேன். "ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கட்டும்."