நான்கு கதவு தள்ளி இன்னொரு தட்டு

உடும்பஞ்சோலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்துவிடும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை முடிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தால் முதலில் அம்மா வீடு, நான்கு கதவு தள்ளி என் வீடு. அம்மாவும் என் மனைவியும் பேச்சை நிறுத்தி ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. காரணம் இருவருக்குமே மறந்திருக்கும், வீம்பு மட்டும் மறக்கவில்லை.

நான் போகாவிட்டால் அம்மா உலை வைக்க மாட்டாள். தனியாளுக்கு என்ன சமையல் என்று பால் விடாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அதனால் அங்கே ஒரு தட்டுச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அது தெரிந்தால் மனைவி முகத்தைத் தூக்கிக்கொள்வாளே என்று, வாயைக் கழுவிக்கொண்டு, பசித்தவனைப் போல இங்கே இன்னொரு தட்டு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வயிறு மெச்சவில்லை. புளித்த ஏப்பம், கல்லைக் கட்டியது போன்ற பாரம். படுத்தால் கனவுக்கு மேல் கனவு. பனிக்குள் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், இறக்கி வைக்க இடமே இல்லை.

டவுனில் ஒரு கடைமாடியில் சீன வைத்தியம் பார்க்கும் அக்கா என் நாக்கை நீட்டச் சொன்னார். மாவு போல வெள்ளையாகத் தடித்துப் படிந்திருக்கிறது என்றார். சீனர் கணக்கில் வயிறும் மண்ணீரலும் மண்ணாம். அளவுக்கு மீறி நீர் பாய்ந்தால் மண் சேறாகிவிடுமாம், உணவு தேங்கினால் உறக்கமும் கெடுமாம். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். ஜன்னலில் பனி நகர்ந்தது. காலில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்க, பாதி உறக்கத்தில் மிதந்தேன். ராத்திரியில் இரண்டு தடவை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றையும் உளறிவிட்டேன். ஒரு வாரம் இரவில் கஞ்சித்தண்ணீர் மட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உங்க கையில கருவாட்டு வாசம் அடிக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்?"

நான் கஞ்சி குடித்தால் அம்மா பட்டினி கிடப்பாள், அதுதான் எனக்குப் பயம் என்றேன். அவள் கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, பனிக்குள் இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே போய் அம்மா வீட்டு வாசலுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தேன்.

"அவுக இன்னிக்கி வரல அத்தை. நான் சாப்பிட வந்திருக்கேன்."

முதலில் அம்மா அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு தட்டு.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நிஜமாகப் பசித்தது.