ஒரே தட்டில் காராகும் ரோபோ

விவாகரத்துக்குப் பிறகு, மகளைப் பார்க்க நீதிமன்றம் எனக்கு ஞாயிறு மாலைகளை ஒதுக்கியிருக்கிறது.

போன வருடம் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த ரோபோவைக் காராக மாற்ற ஒரு மாலை முழுவதும் பிடிக்கும். கையை மடக்குவதற்கு முன் காலை மடக்கிவிட்டால் தலை உள்ளே போகாது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே மாற்றுவோம். சென்ற வாரம் அதன் தோள் மூட்டு உடைந்துவிட்டது.

அதேபோல் ஒன்று வாங்கலாம் என்று இன்று நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனேன்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார். இதப் பாருங்க, முதுகுல ஒரு தட்டு தட்டுனா கார் ஆயிடும்" என்றார் கடைக்காரர்.

"கை கூட தனியா மடங்கலியே. தரத்தக் கொறச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"மூட்டு கம்மி சார், அதனால உடையறதும் கம்மி. பெத்தவங்களுக்கும் தொல்ல இல்ல. கொழந்த கையில குடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் போன் பாக்கலாம்."

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. வாங்கிக்கொண்டு சாரம் பகுதியில் மகள் இருக்கும் வீட்டுக்குப் போனேன்.

அவள் தட்டினாள், காரானது. மறுபடி தட்டினாள், ரோபோவானது.

"சூப்பர்ப்பா! இத நானே பண்ணிக்குவேன். ஒனக்கு வேல இருந்தா கெளம்புப்பா."

வெளியே வந்தபோது வெயில்கூடத் தாழவில்லை.

பொம்மையின் தரத்தில் ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

புதுச்சேரியில் யாரிடமாவது பழைய ரக ரோபோ இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பேர் இல்லாமல் மாறாது என்றால், உடைந்திருந்தாலும் பரவாயில்லை.