கிளிநொச்சிக்கு வந்த பாகிஸ்தான் நாவல்

அறுபதுகளில் கிளிநொச்சியில் நாங்கள் நாலு பேர் மாதமொருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிக் கதைப்போம். நீர்ப்பாசனப் பகுதி ஓவசியர், ஒரு தலைமை ஆசிரியர், ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் அப்போதிக்கரி, வட்டக்கச்சியில் படிப்பித்துக்கொண்டிருந்த நான். பெண் நான் ஒருத்திதான்.

ஒருமுறை ஓவசியர் கொழும்பிலிருந்து ஓர் ஆங்கில நாவல் கொண்டுவந்தார். பாகிஸ்தான் பெண்ணொருத்தி எழுதிய முதல் நாவல். இருந்தது ஒரே பிரதி. மற்ற மூவரிடமும் சுற்றி என் கைக்கு வந்தபோது அறுவடை தொடங்கிவிட்டது. வயலுக்குச் சோறு கட்டி அனுப்பி, பள்ளிக்கூடம் போய்வந்து, காயப்போட்ட நெல்லை அள்ளி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டுப் புத்தகத்தை விரித்தால், முதல் நாள் வாசித்த பந்தியிலேயே கண் செருகும்.

நாடு பிரிந்தபின் லாகூருக்கு வந்து சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். அதில் பிள்ளைகளுள்ள ஒரு மருமகள். அவளுடைய நாட்கள்தான் கதை.

கூட்டத்தில் ஓவசியர்தான் முதலில் தொடங்கினார். “நாடு பிரிஞ்சதை ரெண்டு வரியில முடிச்சுப்போட்டா. அது பெரிய குறை.”

“முதல் புத்தகம்தானே,” என்றார் தலைமை ஆசிரியர். “ஆனா அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூட. மாமியோட இப்பிடியே கதைக்கிறது?”

“நான் பாதியில விட்டிட்டன்,” என்றார் அப்போதிக்கரி. “எந்த நேரமும் சமைச்சுக்கொண்டு குசினிக்கையே நிக்கிறா. அலுத்துப்போச்சு.”

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ரீச்சர், பொம்பிளையளின்ர பக்கத்தை நீங்கள்தான் சொல்லவேணும்.”

“நான் இன்னும் முடிக்கேல்லை.”

சிரித்தார்கள். அதில் வஞ்சகம் இருக்கவில்லை. தேநீர் வந்தது. வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மிச்சத்தைப் பள்ளிக்கூட இடைவேளைகளில் வாசித்து முடித்தேன். கதையின் முடிவில் ஒரு மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குசினியைப் பூட்டித் திறப்பை மாமியாரின் தலைமாட்டில் வைத்து, மருமகள் ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். எங்கே போகிறாள் என்று எழுதியிருக்கவில்லை. அன்றைக்குப் பின்னேர வகுப்பில் பிள்ளைகள் போட்ட சத்தம் என் காதில் விழவேயில்லை.

வீட்டில், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கணவருக்கு அதைச் சொன்னேன்.

“அப்ப பிள்ளையளுக்கு ஆர் சமைச்சது?” என்று கேட்டார்.

“அது எழுதேல்லை.”

“எழுதியிருக்கவேணும்,” என்றார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப்போன அன்று ஓவசியர் தான் வேலைசெய்யும் கந்தோர் வாசலில் நின்றார். “எப்பிடி ரீச்சர், பிடிச்சுதோ?”

“ஓம். அவ போனது எனக்குப் பிழையாத் தெரியேல்லை.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

“அண்டைக்கு அவ இன்னும் போகேல்லையே,” என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு, அடுத்த மாதத்துக்கு எடுத்துவைத்திருந்த தடித்த புத்தகமொன்றை என் கையில் தந்தார். இம்முறை முதலில் நானே வாசிக்கட்டுமாம். அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.